சர்க்கரை நோயுள்ள காப்பகப் பூனைக்கு இடம் தேடுவது எப்படி?

கேள்வி: டாக்டர், நான் ஒரு விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். போன வாரம் முத்து என்ற பத்து வயது ஆண் பூனையை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வளர்த்த பாட்டிக்கு உடம்பு முடியாமல் போய், மகனால் பார்த்துக்கொள்ள முடியவில்லையாம். படிவத்தில் 'சர்க்கரை நோய், வாய்ப்புண், தினமும் ஊசி' என்று மட்டும் இருக்கிறது. கூண்டின் மூலையில் சுருண்டு கிடக்கிறான், கை நீட்டினால் சீறுகிறான், வைத்த சாப்பாட்டில் பாதிக்கு மேல் மிச்சம். பொதுமக்களுக்குத் தத்துக் கொடுக்க மாட்டோம், மீட்புக் குழு ஏதாவது எடுத்தால் சரி, அடுத்த வாரக் கடைசி வரை பார்ப்போம், அதற்கப்புறம் கருணைக்கொலைதான் என்கிறது காப்பகம். எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் 'தயவுசெய்து காப்பாற்றுங்கள்' என்று ஒரே செய்தியை அனுப்பினேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை. நோயையும் சீறுவதையும் சொல்லாமல் விட்டால் யாராவது எடுப்பார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் 'எத்தனை பூனையானாலும் எடுத்துக்கொள்கிறேன், இன்றே தாருங்கள்' என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசி இரண்டு சந்தேகங்களுக்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்காதீர்கள். அந்த நபரிடம் இன்று கொடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் இதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அது அவன் சாப்பாடு.

பூனை சாப்பிடாமல் இருப்பதை நாய் சாப்பிடாமல் இருப்பதைப்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படிய ஆரம்பிக்கும், அது தனி நோயாகவே மாறி உயிரை எடுக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் ஆபத்து இரண்டாவது பக்கத்திலிருந்தும் வருகிறது: இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் ஏறினால் வாந்தி, தளர்ச்சி, நீர்ச்சத்துக் குறைவு என்று ஒரே நாளில் கவலைக்கிடம். ஆகவே இன்றே காப்பக மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, முத்துவின் எடையை வந்த நாளிலிருந்து யாராவது குறித்திருக்கிறார்களா. இரண்டு, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார்களா (சில நிமிட வேலை). மூன்று, சாப்பிடாத நேரத்திலும் முழு அளவு இன்சுலின் போகிறதா. அப்படிப் போனால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். அதற்காக யாரும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது, எவ்வளவு போடுவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பசியைத் தூண்டும் மருந்து கேட்டால் கூடவே 'இவனுக்குச் சர்க்கரை இருக்கிறது' என்று நினைவுபடுத்துங்கள், அந்த மருந்துகளில் சில சர்க்கரையை ஏற்றிவிடும்.

வாய் வலிக்கிறதா என்று பாருங்கள். உணவுக்கு அருகே ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து மென்று, கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினால் அது பசியின்மை இல்லை, வலி. எச்சில் ஒழுகுவது, முன்னங்காலால் வாயைத் தேய்ப்பது, மேல்ரோமம் திரிதிரியாக அழுக்கேறிக் கிடப்பது (வாய் வலித்தால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாது) எல்லாம் அதே கதைதான். பூனையின் முகத்தை வைத்து வலியைக் கணக்கிட மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். காது நிலை, கண் இறுக்கம், மூக்கு-வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை நிலை, தலையின் நிலை என்று ஐந்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போடுவார்கள். பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது கணக்கு. காப்பக மருத்துவரிடம் இந்த மதிப்பெண்ணோடு போனால், 'பாவமா இருக்கான் டாக்டர்' என்று சொல்வதைவிட வேகமாக வேலை நடக்கும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

அப்புறம் கூண்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், அவன் உள்ளே போய் உட்காரும் அளவுக்கு, பெட்டியின் திறந்த பக்கம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்படி. நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் மற்றவற்றுக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக நிம்மதியடைந்தன. செலவில்லாத வைத்தியம். பயம் குறைந்தால் சாப்பிடும், சாப்பிட்டால் இன்சுலின் சீராகப் போகும், அது சீரானால்தான் நீங்கள் குழுக்களிடம் பேச ஏதாவது இருக்கும்.

சரி, இனி இடம் தேடும் விஷயம்.

மீட்புக் குழுக்கள் ஏன் பதில் போடவில்லை என்று நீங்கள் நொந்துபோயிருப்பது தெரிகிறது. காப்பகங்களோடும் குழுக்களோடும் தொடர்ந்து வேலை செய்யும் மருத்துவராகச் சொல்கிறேன், அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. ஒரு குழுவில் முடிவெடுப்பவருக்கு முத்துவைப் பற்றி உங்கள் செய்தியிலிருந்து என்ன தெரிந்திருக்கும்? சர்க்கரை, வாய்ப்புண், சீறுகிறான், சாகப்போகிறான். அதற்குப் பின்னால் அவர் கண்ணில் தெரிவது எவ்வளவு என்று தெரியாத மருத்துவச் செலவு, எந்த வீட்டில் வைப்பது என்று தெரியாத ஒரு பூனை, ஊசியோடு போனால் கடிப்பானா என்று தெரியாத ஒரு சிக்கல். அவர்கள் பயப்படுவது நோயைப் பார்த்து இல்லை, தெரியாத பகுதியைப் பார்த்து. சர்க்கரை நோயுள்ள பூனையைப் பல வருடம் பார்த்துக்கொண்ட ஆட்கள் அந்தக் குழுக்களிலேயே இருப்பார்கள். ஆகவே வரும் சில நாட்களில் உங்கள் வேலை கெஞ்சுவதைக் குறைத்துவிட்டு, அந்தத் தெரியாத பகுதியை ஒவ்வொன்றாகத் தெரிந்ததாக மாற்றுவது.

முதல் கேள்வி, அவனுக்கு உண்மையிலேயே சர்க்கரை நோய்தானா? சிரிக்காதீர்கள், இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பூனை பயந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை, 300-ஐத் தாண்டியும் போகும். காப்பகத்தில் சேர்ந்த அன்று பிடித்து அமுக்கி எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நீரிழிவு என்று எழுதுவது ஆபத்தானது. ஃப்ரக்டோசமைன் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அது அந்த நிமிடத்தின் சர்க்கரையைக் காட்டாது, கடந்த ஒன்றிரண்டு வார சராசரியைக் காட்டும்; பயத்தால் வந்த ஏற்றத்தையும் நிஜ நோயையும் பிரிப்பதற்கு அது நன்றாக உதவும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனது என்று பாட்டி வீட்டில் கவனித்திருந்தால் நோய் நிஜம் என்பதற்குப் பலம் கூடும்.

இங்கேதான் பழைய மருத்துவக் குறிப்பு மிக முக்கியம். ஒப்படைத்த மகனிடம் காப்பகம் மூலமாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த கிளினிக்கில் பார்த்தீர்கள்? பெயர் தெரிந்தால் காப்பகமே அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். நான் அதில் தேடுவது ஒரு வரி. வாய்ப்புண் உள்ள பூனைகளுக்கு, பல்லைக் கவனிக்க வசதியில்லாதபோது, வாரக்கணக்கில் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமாக நடக்கிறது. வீக்கம் குறையும், பூனை சாப்பிடும், ஒரு மாதம் கழித்து மறுபடி போடுவார்கள். அப்படித் திரும்பத் திரும்பப் போட்டதில் சில பூனைகளுக்குச் சர்க்கரை நோயே வந்துவிடும். முத்துவுக்கு நடந்தது இதுவாக இருந்தால், ஸ்டீராய்டு நின்று, வாய் சரியாகி, இன்சுலினும் ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கிடைத்தால், சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு அவன் வரக் கணிசமான வாய்ப்பு இருக்கிறது. ஸ்டீராய்டு காரணமாக இல்லாவிட்டாலும்கூட, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவும் தொடக்கத்திலேயே நல்ல இன்சுலின் கட்டுப்பாடும் சேர்ந்தால் அப்படி மீள்வது அபூர்வம் இல்லை. இதை உறுதிமொழியாக யாரிடமும் சொல்லாதீர்கள். வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள், அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள்.

வாயும் சர்க்கரையும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைக் காப்பக மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். வாயில் சீழும் அழற்சியும் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பற்களைச் சரிசெய்ததும் தேவைப்படும் அளவு இறங்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். தீவிர வாய் அழற்சியில் பெரும்பாலான அல்லது எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டி வரலாம். கேட்கும்போது கொடூரமாக இருக்கும், ஆனால் அப்படி எடுத்த பூனைகளில் பெரும்பான்மைக்கு நல்ல முன்னேற்றமோ முழுக் குணமோ கிடைக்கிறது, பல்லே இல்லாமல் உலர் உணவைக்கூட விழுங்கிச் சாப்பிடுகின்றன. காப்பகத்திலேயே அந்தப் பல் சிகிச்சையை முடித்து அனுப்புவார்களா, அல்லது செலவில் ஒரு பங்கை ஏற்பார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் பரவாயில்லை, முடியாது என்ற பதிலும் குழுவுக்குத் தேவையான தகவல்தான். கூடவே சிறுநீரகம், தைராய்டு பார்த்த ரத்த அறிக்கை, ரத்தப் புற்றுநோய் வைரஸ் மற்றும் எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பரிசோதனை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பூனை என்றதும் குழுக்கள் கேட்கப்போகும் முதல் சில கேள்விகள் இவை. எஃப்ஐவி இருந்தாலும் அதோடு கதை முடியவில்லை, அது பெரும்பாலும் ஆழமான கடிக்காயத்தால் பரவுவது, மனிதருக்கு வராது, சண்டை போடாத பூனைகளோடு பல வருடம் வாழும்.

இதெல்லாம் நடக்கும்போதே காப்பகத்தில் யாருக்கு அதிகாரம் என்று கண்டுபிடியுங்கள். ஒப்படைத்த நிமிடத்திலிருந்து முத்து சட்டப்படி காப்பகத்தின் பொறுப்பு, நீங்களோ நானோ அவனை யாருக்கும் கொடுக்க முடியாது. குழுக்களுக்கு மாற்றிக் கொடுப்பதைக் கவனிக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய், 'அந்தக் கடைசித் தேதி இடநெருக்கடியால் வந்ததா, அவன் உடல்நிலையால் வந்ததா?' என்று கேளுங்கள். இடநெருக்கடி என்றால் தீர்வு உங்கள் கையிலேயே பாதி இருக்கிறது: காப்பகத்தின் பெயரிலேயே, ஆனால் கூண்டுக்கு வெளியே, ஒரு வீட்டில் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஆள் கிடைத்தால் தேதியைத் தள்ளிப்போடுவீர்களா என்று கேளுங்கள். உடல்நிலை என்றால் எது சரியானால் தேதி மாறும் என்று கேளுங்கள், எடையா, சர்க்கரையா, கையாள முடியவில்லை என்பதா. பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். குழுவிடம் பேசும்போது 'காப்பகம் சொன்னது' என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

பல குழுக்களுக்குக் குறைவது மனசு இல்லை, வீடு. அவர்களிடம் பெயர் இருக்கும், மருத்துவர் தொடர்பு இருக்கும், தத்துக்கு விளம்பரப்படுத்தும் வழி இருக்கும், வைத்துக்கொள்ள ஒரு அறை மட்டும் இருக்காது. ஆகவே ஃபாஸ்டர் வீட்டை, அதாவது தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டை, நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு போனால் அது வேறு பேச்சு. யாரிடம் கேட்பது? சர்க்கரை நோயுள்ள பூனையை ஏற்கெனவே வளர்ப்பவர்கள், அப்படி வளர்த்த பூனையைச் சமீபத்தில் இழந்தவர்கள் (மீட்டர், ஊசி எல்லாம் அலமாரியில் இருக்கும், கையும் பழகியிருக்கும், அவர்களிடம் மெதுவாகக் கேளுங்கள்), கிளினிக்குகளில் வேலை செய்யும் உதவியாளர்கள், செவிலியர்கள், வீட்டில் பெரியவர்களுக்குத் தினமும் இன்சுலின் போட்டுப் பழகியவர்கள். வேறு பூனை இல்லாத, நடமாட்டம் குறைந்த ஒரு அறை இருந்தால் போதும். வேறு பூனை இருக்கிற வீடு என்றால் பத்துப் பதினான்கு நாள் தனி அறையில் வைக்க வேண்டும். பூனைகளில் ஏராளமானவை ஹெர்ப்பிஸ் வைரஸை உள்ளுக்குள் சுமந்துகொண்டிருக்கும், இடம் மாறிய மன அழுத்தத்தில் ஒரு வாரம் கழித்துத் தும்மலும் கண்ணீருமாக அது கிளம்பும்.

ஊசி என்றதும் பின்வாங்குகிறவர்களுக்கு அதை நேரில் காட்டுங்கள், அல்லது வீடியோ எடுத்து அனுப்புங்கள். கிண்ணத்தில் உணவு, பூனை தலையைக் குனிந்து சாப்பிடுகிறது, ஒரு கையின் இரண்டு விரலால் விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்குகிறீர்கள், தலைமுடியைப் போல் மெல்லிய ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, பூனை தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இவ்வளவுதான். மாத்திரை விழுங்க வைப்பதோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பூனைகளுக்கு இது ஒன்றுமே இல்லை. முத்து இப்படி நின்று ஊசி வாங்கிக்கொள்ளும் இருபது விநாடி வீடியோ ஒன்று உங்களிடம் இருந்தால் அதைவிட வலுவான சிபாரிசு கிடையாது. அவன் இன்னும் அப்படி நிற்கவில்லை என்றால் வாய் வலிக்கு மருந்து கிடைத்து, பெட்டியில் இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு எடுங்கள்.

இப்போது கடிதம். எல்லோருக்கும் ஒரே செய்தி வேண்டாம். ஒவ்வொரு குழுவும் எந்த மாதிரிப் பூனைகளை எடுக்கிறது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், படித்துவிட்டு, வயதான அல்லது நோயுள்ள பூனைகளை இதற்கு முன் எடுத்திருக்கும் குழுக்களுக்கு முதலில் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'வணக்கம். காப்பகத்திலிருந்து மீட்புக் குழுவுக்கு மட்டுமே கொடுக்கப்படும் பூனை ஒன்றுக்காக எழுதுகிறேன். முத்து, 10 வயது, கருத்தடை செய்த ஆண், எடை இவ்வளவு. வளர்த்தவர் உடல்நலக் குறைவால் ஒப்படைக்கப்பட்டது. சர்க்கரை நோய், தினமும் இருமுறை இன்சுலின், இந்த மருந்து, இந்த அளவு. ஃப்ரக்டோசமைன் அறிக்கை இணைப்பில். வாய் அழற்சி, பல் சிகிச்சை தேவை, மருத்துவரின் குறிப்பு இணைப்பில். புதியவர் கை நீட்டினால் சீறுகிறான், இதுவரை கடிக்கவில்லை, உணவு வைத்தால் ஊசிக்கு நிற்கிறான், வீடியோ இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஃபாஸ்டர் வீடு தயார். அழைத்து வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது: உங்கள் குழுவின் பெயரில் எடுத்து, பல் சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தர முடியுமா? காப்பகத்தின் கடைசித் தேதி இது. பேச வேண்டியவர் இவர்.'

பாருங்கள், இதில் கண்ணீர் ஒரு துளி இல்லை, ஆனால் படிப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியும். 'கடிக்கவில்லை', 'ஊசிக்கு நிற்கிறான்', 'ஃபாஸ்டர் தயார்' என்பதெல்லாம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் இருப்பதை எழுதுங்கள். படம் ஒன்று போதும், கூண்டுக் கம்பி தெரியாமல், அவன் கண் மட்டத்திலிருந்து எடுத்தது. 'நாளை கொல்லப்போகிறார்கள்' என்ற தலைப்பு வேண்டாம். அந்த வரியைத் தினமும் பலமுறை படிக்கும் மனிதர்கள் அவர்கள், அது அவர்களை நகர்த்தாது, களைக்கத்தான் வைக்கும். காப்பக ஊழியர்களையும் கொலைகாரர்களாகக் காட்டாதீர்கள், நாளைக்கு அவர்கள்தான் கையெழுத்துப் போட்டு அவனை வெளியே அனுப்ப வேண்டியவர்கள். ஒரு நாள் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு, 'உங்களுக்குத் தெரிந்து யாரிடம் கேட்கலாம்?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் பல பூனைகளுக்கு இடம் கிடைக்கிறது, குழுக்கள் ஒன்றையொன்று நன்றாகவே அறியும்.

மறைப்பது பற்றி. நீங்கள் மறைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: இன்சுலின் தேவை என்றே தெரியாத ஒருவர் வீட்டுக்கு முத்து போகிறான், சில நாளில் நிலைமை மோசமாகிறது, அவர் பயந்து திருப்பிக் கொண்டுவருகிறார், அல்லது அவசரப் பிரிவில் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்கிறார். அந்தக் குழு இனி உங்கள் காப்பகத்திலிருந்து எதையும் எடுக்காது, அடுத்து வரும் பூனைகளின் கதவும் சேர்ந்து மூடும். சீறுவதைச் சொல்லலாம், ஆனால் எப்போது, எதற்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். புது இடத்தில், வலியோடு, பத்து வருடம் கூட இருந்த மனுஷியைத் தேடிக்கொண்டு இருக்கும் பூனை முதல் வாரத்தில் காட்டுவது அதன் குணம் இல்லை. 'ஆக்ரோஷமானவன்' என்று எழுதினால் அது தீர்ப்பு. 'கை மேலிருந்து வந்தால் சீறுகிறான், பக்கவாட்டில் விரலை நீட்டிக் காத்திருந்தால் மோந்து பார்க்கிறான்' என்று எழுதினால் அது தகவல்.

அந்த 'எத்தனை பூனையானாலும்' நபர். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல், நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், இன்றே வேண்டும் என்பவரைப் பற்றி எனக்குப் பயம் இருக்கிறது. மீட்பு என்ற பெயரில் அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொண்டே போய், ஒன்றையும் பராமரிக்க முடியாத நிலைக்கு வருகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு, அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கொண்டுவரப்படும் பூனைகளின் நிலையை வார்த்தையில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் கேளுங்கள்: இப்போது எத்தனை பூனை இருக்கிறது, எத்தனை பேர் கவனிக்கிறார்கள், எந்த மருத்துவர், அவரிடம் நான் பேசலாமா, வீட்டை வந்து பார்க்கலாமா, தத்து சரிவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, இன்சுலின் காலையும் மாலையும் யார் போடுவார்கள். உண்மையாக வேலை செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், தானே உங்களிடம் இதைவிட அதிகமாகக் கேட்பார். இதே கேள்விகளைப் பதிவு பெற்ற குழுவிடமும் கேட்கலாம், தப்பே இல்லை.

இடம் கிடைத்துவிட்டது என்றால் ஒப்படைக்கும் நாளில் சில விஷயம் உயிர்நாடி. கடைசியாக இன்சுலின் போட்ட நேரம், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இவற்றைக் காகிதத்தில் எழுதி, அவனைக் கொண்டுபோகும் கூண்டிலேயே ஒட்டுங்கள், வாயால் சொன்னது பரபரப்பில் மறந்துபோகும், அதனால் இரட்டை அளவு போன பூனைகள் உண்டு. ஊசிக்குழாயும் மருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: கேனின்சுலின், புரோசிங்க் போன்ற இன்சுலின்கள் யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்), கிளார்ஜின் இன்சுலின் யு-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்), இரண்டுக்கும் குழாய் வேறு. யு-40 குழாயில் யு-100 மருந்தை அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே மருந்தோடு அதற்கான குழாய்களையும் குறைந்தது இரண்டு வாரத்துக்குக் காப்பகத்திடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மருந்தைக் குளிர்ச்சியாகக் கொண்டு போங்கள், உறையவிடாதீர்கள். பயணப் பயம் அதிகம் என்றால் கபாபென்டின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதில் பாட்டியின் வீட்டு விவரம்தான் இருக்கும், புதிய பொறுப்பாளரின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஃபாஸ்டர் எடுப்பவரிடம் இரண்டு எச்சரிக்கை. உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற்றுவது நல்லதுதான், ஆனால் பழைய இன்சுலின் அளவை வைத்துக்கொண்டே திடீரென்று மாற்றினால் சர்க்கரை தடாலென்று இறங்கும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டிலேயே காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து அளந்துகொண்டே மெதுவாக மாற்றட்டும். அடுத்து, தள்ளாடி நடப்பது, தளர்ந்து படுப்பது, வெறித்துப் பார்ப்பது, வலிப்பு என்று எது வந்தாலும் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அரைமயக்கத்தில் இருக்கும் பூனையின் வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

எல்லாம் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம், அல்லது பரிசோதனையில் வேறு பெரிய நோய் ஏதாவது தெரியலாம். கீட்டோன் ஏறி, சிறுநீரகமும் கைவிட்டு, வலி மருந்துக்கும் அவன் முகம் தளராமல் இருந்தால், அப்போது கருணைக்கொலை என்று மருத்துவர் சொல்வதை நான் எதிர்க்க மாட்டேன். அந்த நேரத்தில் அவனுக்குப் பழகிய ஒருவர் கூட இருப்பது நல்லது, நீங்கள் இருக்க விரும்பினால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முத்து அந்த இடத்தில் இல்லை. கொஞ்சமாவது சாப்பிடுகிற, சீறத் தெம்பு இருக்கிற, இன்னும் சரியாகப் பரிசோதிக்கப்படாத பூனை அவன்.

ஆகவே இன்றைக்குப் பெட்டி, எடை, கீட்டோன், வலி மருந்து. நாளைக் காலையிலேயே அந்தப் பழைய கிளினிக்குக்குக் காப்பகத்திலிருந்து போன் போடச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு ஊசி எப்போதெல்லாம் போட்டார்கள் என்று தேதியோடு கேட்கச் சொல்லுங்கள். போட்டிருந்தார்கள் என்று தெரிந்தால் ஃப்ரக்டோசமைன் அறிக்கையோடு எனக்கு அனுப்புங்கள். குழுக்களுக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்க, அவன் மீண்டுவரும் வாய்ப்பைப் பற்றி மருத்துவரின் கருத்தாக இரண்டு வரி நானே எழுதித் தருகிறேன்.